இரண்டு இலக்கங்களின் கடன்

ஏரிக்கரை உடைந்த ஆண்டை ஊர் மறப்பதில்லை. உடையாமல் காத்த ஆண்டுகளை யாரும் எண்ணி வைப்பதுமில்லை. 1999 டிசம்பர் 31 நள்ளிரவைப் பற்றி இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் நினைவும் ஏறக்குறைய இத்தகையதே. கணினிகள் நின்றுவிடும், மின்சாரம் போய்விடும், வங்கிக் கணக்குகள் அழிந்துவிடும் என்றெல்லாம் சொன்னார்கள். பொழுது விடிந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆகவே ஒய்டூகே என்பது ஒரு பெரும் புரளி, மென்பொருள் வணிகர்கள் கிளப்பிவிட்ட பீதி என்பதே பொதுவான தீர்ப்பாக நிலைத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பைச் சற்று மறுபரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு வங்கிகளையும் விமான நிறுவனங்களையும் விட்டுவிட்டு, வரலாற்றாசிரியர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஓர் இடத்திற்குச் செல்வோம். அது உள்ளாட்சி அலுவலகம். ஒரு குடிமகன் அரசாங்கத்தை நேருக்கு நேர் சந்திப்பது அங்கேதான். பிறப்புப் பதிவு, வீட்டு வரி, குடிநீர், கழிவுநீர், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, உள்ளூர்ச் சிறை ஆகிய அனைத்தும் தேதியைக் கொண்டே இயங்குபவை. தேதி பிழைத்தால் அங்கே பிழைப்பது ஒரு மனிதனின் வாழ்க்கை.

*

கதை துளை அட்டையிலிருந்து தொடங்குகிறது. 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் உருவாக்கிய துளை அட்டைகள் பயன்படுத்தப்பட்டன. 1928-ல் ஐபிஎம் நிறுவனம் அந்த அட்டையை 80 பத்திகள் கொண்டதாக வடிவமைத்தது. ஒரு மனிதரின் பெயர், முகவரி, பிறந்த நாள், சம்பளம், செலுத்திய வரி எல்லாம் அந்த 80 இடங்களுக்குள் அடங்கியாக வேண்டும். ஆண்டைக் குறிக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டை விட்டுவிட்டால் இரண்டு இடங்கள் மிச்சம். கடிதத்தின் தலைப்பில் நாமும் அப்படித்தானே எழுதி வந்தோம்! அட்டை போய்க் காந்த நாடா வந்தது, நாடா போய் வட்டு வந்தது, பழக்கம் மட்டும் போகவில்லை. கணினியின் நினைவகம் பொன்போல் விலை பெற்றிருந்த 1960-களில் அதைக் குற்றம் என்று சொல்வதற்குமில்லை.

நமது பிரபவ, விபவ வருடப் பெயர்களை வைத்து இச்சிக்கலை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பழைய ஏட்டில் 'விரோதி வருடம்' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த விரோதி என்று தெரியாமல் ஆய்வாளர் திண்டாடுவார். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருகிறது. கணினி நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே திண்டாட்டத்திற்கு ஆளாகும்படி அமைந்துவிட்டது. ஆனால் ஆய்வாளர் ஐயப்படுவார், கணினி ஐயப்படாது. 1931-ல் பிறந்தவரின் வயதை 1999-ல் கணக்கிட, அது 99-லிருந்து 31-ஐக் கழித்து 68 என்று சரியாகச் சொல்லும். மறுநாள் 00-லிருந்து 31-ஐக் கழிக்கும். கழித்தல் குறியைக் கவனிக்காத நிரல் என்றால், 69 வயதை நெருங்கும் ஓய்வூதியக்காரர் 31 வயது இளைஞராகிவிடுவார்.

இது வெறும் கற்பனையன்று. 1992-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 104 வயது மூதாட்டி ஒருவருக்கு மழலையர் பள்ளியில் சேருமாறு அழைப்பு வந்தது. புத்தாண்டு பிறக்கும் முன்பே பிலடெல்பியாவில் சில நூறு பேருக்கு, 1900-ஆம் ஆண்டில் ஜூரிப் பணிக்கு ஆஜராகும்படி அழைப்பாணை போயிற்று. சிரித்துவிட்டுக் கடந்துபோகத் தக்க செய்திகள்தாம். ஆனால் இதே கணக்கு ஒரு கைதியின் விடுதலை நாளிலோ, ஒரு விதவையின் உதவித்தொகையிலோ நடந்தால் சிரிக்க இயலாது.

எச்சரித்தவர்கள் இல்லாமலும் இல்லை. பாப் பெமர் என்ற கணினியாளர் 1950-களின் இறுதியில் மார்மன் திருச்சபைக்காக வம்சாவளிப் பதிவுகளைக் கையாண்டபோதே இதைக் கண்டுகொண்டார். மூதாதையரின் பிறந்த ஆண்டுகளைத் தொகுப்பவருக்கு எந்த நூற்றாண்டு என்பது விளையாட்டல்லவே. 1971-லிருந்து அவர் எழுதியும் வந்தார், கேட்பாரில்லை. 1993 செப்டம்பரில் கனடாவைச் சேர்ந்த பீட்டர் டி யாகர் 'கம்ப்யூட்டர்வேர்ல்ட்' இதழில் எழுதிய கட்டுரைதான் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அப்போது மீதமிருந்தவை ஆறே ஆண்டுகள்.

*

மைய அரசின் சில துறைகள் முன்னதாகவே விழித்துக்கொண்டன. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1989-லேயே வேலையைத் தொடங்கிவிட்டது. உள்ளாட்சிகளின் நிலை வேறு. 1997-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 87,453 உள்ளாட்சி அமைப்புகள் இருந்தன. கவுண்டிகள் 3,043, நகராட்சிகள் 19,372, பள்ளி மாவட்டங்கள் 13,726. எஞ்சியவை நகரியங்களும், குடிநீர், தீயணைப்பு போன்ற தனிப்பணி வாரியங்களும். இவற்றுள் பெரும்பாலானவற்றில் கணினித் துறை என்றால் ஓர் அறையும் இரண்டு ஊழியர்களும்தான். வரி வசூல் மென்பொருளை எழுதிக் கொடுத்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டிருக்கும். மூலநிரல் எங்கே என்று தெரியாது. எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார்.

1998-ன் இறுதியில் கவுண்டிகளின் தேசியச் சங்கம் 500 கவுண்டிகளிடம் விசாரித்தபோது, ஏறத்தாழப் பாதி கவுண்டிகளில் முழுமையான திட்டம் எதுவுமில்லை என்று தெரியவந்தது. இங்கிலாந்தின் ஆடிட் கமிஷன், உள்ளாட்சிகளின் ஆயத்தம் பற்றி அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கைக்கு, 'வேளையில் போடும் ஒரு தையல்' என்று பொருள்படும் பழமொழித் துண்டைத் தலைப்பாக வைத்தது. கிழிசல் பெரிதாகிக்கொண்டிருந்தது.

மிக வியப்பூட்டும் எடுத்துக்காட்டு அமெரிக்கத் தலைநகரே. வாஷிங்டன் மாநகரம் அப்போது கடும் நிதி நெருக்கடியில் இருந்தது. 1995 முதல் நாடாளுமன்றம் அமைத்த கட்டுப்பாட்டு வாரியமே அதன் நிதியைக் கண்காணித்தது. அந்நகரம் இவ்வேலையை முழுமூச்சுடன் தொடங்கியது 1998-ன் நடுவில்தான். பிற அமைப்புகளைவிட அது ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருப்பதாக நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் எச்சரித்தது. வெள்ளை மாளிகை உலகுக்கெல்லாம் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த அதே வீதிகளில், உள்ளூர்க் காவல்துறையும் குடிநீரும் சிறையும் நள்ளிரவைத் தாண்டுமா என்பது ஐயமாக இருந்தது. எல்லாவற்றையும் திருத்த நேரமில்லை. எனவே மனித உயிரோடு தொடர்புடைய பணிகளை முதலில் வரிசைப்படுத்தி, அவற்றுக்கு மாற்று ஏற்பாடுகளை எழுதி வைப்பது ஒன்றே வழியாக இருந்தது.

கெடு ஜனவரி 1 மட்டுமே என்று நினைப்பதும் பிழை. வரவு செலவுத் திட்டம் நிதியாண்டைப் பின்பற்றுவது. நியூயார்க் மாநிலத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் பிறக்கிறது, 46 மாநிலங்களுக்கு ஜூலை 1-ல் பிறக்கிறது. எனவே அவ்வலுவலகங்கள் '00' என்ற நிதியாண்டை 1999-லேயே சந்தித்தாயிற்று. 2000 பிப்ரவரி 29 இன்னொரு கண்ணி. நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டாகாது, ஆனால் நானூறால் வகுபட்டால் ஆகும். நான்கால் வகுபட்டாலே லீப் ஆண்டு என்று மட்டும் அறிந்த நிரலர் தற்செயலாகத் தப்பித்தார். நூறின் விதியை அறிந்து நானூறின் விதியை அறியாதவர்தான் மாட்டிக்கொண்டார்.

*

வேலை எப்படி நடந்தது? தணிக்கை அலுவலகம் அதை ஐந்து படிகளாக வகுத்துக் கொடுத்தது: உணர்தல், மதிப்பிடுதல், திருத்துதல், சோதித்தல், நடைமுறைப்படுத்துதல். பட்டியலாகப் பார்த்தால் எளிது. உண்மையில் இரண்டாம் படியிலேயே பல நகரங்கள் தடுமாறின. தம்மிடம் என்னென்ன கணினிகள் இருக்கின்றன என்பதே அவற்றுக்குத் தெரியவில்லை. மேசை மீதிருக்கும் பெட்டி கண்ணுக்குத் தெரியும். நீரேற்று நிலையத்தின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் கிடக்கும் சில்லுவையும், மின்தூக்கிக்குள் இருக்கும் கடிகாரத்தையும், சிறைக் கதவின் பூட்டையும் ஒவ்வொன்றாகத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. ஊழியர்கள் ஏடும் கையுமாகக் கட்டடம் கட்டடமாக நடந்தார்கள்.

திருத்துவதற்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, இரண்டு இலக்கங்களை நான்காக விரிப்பது. இதுவே முழுமையான மருந்து. ஆனால் கோப்பு, திரை, அச்சுப் படிவம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இரண்டாவது, 'சாளரம்' வைப்பது. 00 முதல் 19 வரை வந்தால் 2000-த்தைச் சேர்ந்தது, 20 முதல் 99 வரை வந்தால் 1900-ஐச் சேர்ந்தது என்பதுபோல் நிரலுக்குள் ஒரு விதியைச் செருகுவது. தரவைத் தொட வேண்டாம், செலவும் குறைவு. மூன்றாவது, கடிகாரத்தையே 28 ஆண்டுகள் பின்னால் தள்ளிவிடுவது. 1972-ன் கிழமைகளும் 2000-த்தின் கிழமைகளும் ஒன்றே, இரண்டும் லீப் ஆண்டுகள். ஆண்டைப் பற்றிக் கவலையில்லாமல் கிழமையை மட்டும் பார்த்து இயங்கும் கருவிக்கு இது போதும்.

பணமும் நேரமும் குறைந்த அலுவலகங்களுக்குச் சாளரம் உகந்ததாக இருந்தது. அது கடனைத் தீர்க்கவில்லை, தவணையை ஒத்திப்போட்டது என்பதைச் செய்தவர்கள் அறிந்தே செய்தார்கள். 'இருபது ஆண்டுகளுக்குள் இந்த நிரலை மாற்றிவிட மாட்டார்களா!' என்பது அவர்கள் நம்பிக்கை. 1960-களில் இரண்டு இலக்கங்களை விட்டவர்களின் நம்பிக்கையும் அதுவேதான்.

இந்த வேலைக்குப் பழைய கோபால் மொழியை அறிந்த கைகள் தேவைப்பட்டன. தமிழில் எழுதும்போது அடுத்த வீட்டுக்காரர் பெயர்போல் ஒலிக்கும் அம்மொழி 1959-ல் உருவாகத் தொடங்கியது. மேற்கில் அதை இளைஞர்கள் கற்க விரும்பவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கானோர் கற்றார்கள். அமெரிக்கா 1998-ல் இயற்றிய சட்டத்தின் மூலம் எச்1பி விசாக்களின் ஆண்டு வரம்பை 65,000-லிருந்து 1,15,000 ஆக உயர்த்தியது. நம் நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு, யாரோ எப்போதோ விட்டுவைத்த அந்த இரண்டு இலக்கங்களால் திசை மாறியது என்றால் மிகையாகாது.

*

திருத்தியது போதாது, ஒத்திகையும் வேண்டும். 1998 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் லப்பக் நகரம், நள்ளிரவு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஒரு முழு ஒத்திகையை நடத்திப் பார்த்தது. மின்தடை, அவசரத் தொலைபேசி எண் செயலிழப்பு என்று கற்பனைச் சிக்கல்கள் ஒவ்வொன்றாக அதிகாரிகளின் மேசைக்கு வந்தன. அவர்கள் கற்ற பாடங்களில் கணினியைப் பற்றியவை குறைவு. யார் யாருக்குச் செய்தி சொல்வது, தொலைபேசி இல்லையென்றால் எப்படிச் சொல்வது என்பன போன்றவையே அதிகம்.

ஒத்திகையே விபத்தாக முடிந்ததும் உண்டு. 1999 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வான் நைஸ் பகுதியிலுள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒய்டூகே சோதனை நடத்தினார்கள். சோதனையின்போது ஒரு மதகு மூடிக்கொண்டது. 30 லட்சம் காலனுக்கும் மேற்பட்ட கழிவுநீர் அருகிலிருந்த பூங்காவுக்குள் புகுந்தது. இதை வைத்து நகரத்தை எள்ளியவர்கள் உண்டு. நாம் வேறுவிதமாகப் பார்க்கிறோம். கோடைக்காலத்தில், ஆட்கள் பணியிலிருந்தபோது அது நடந்தது. அதே மதகு குளிர்கால நள்ளிரவில், ஊரே விழாவில் இருக்கும்போது மூடியிருந்தால்?

நள்ளிரவு வந்தது, போனது. பெரிதாக எதுவும் நிகழவில்லை. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையப் பக்கம் ஆண்டை 19100 என்று காட்டியது போன்ற சில்லறைப் பிழைகளோடு புத்தாண்டு பிறந்தது. அமெரிக்க அரசும் தனியார் துறையும் சேர்ந்து செலவிட்டது சுமார் 10,000 கோடி டாலர் என்று அந்நாட்டு வணிகத் துறை மதிப்பிட்டிருந்தது. 'இவ்வளவும் வீண்தானா?' என்ற கேள்வி மறுநாளே எழுந்தது.

அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இத்தாலி, ரஷ்யா, தென்கொரியா போன்ற நாடுகள் குறைவாகவே செலவிட்டன, அங்கும் பேரழிவு நிகழவில்லை. இதற்கு நமக்குத் தோன்றும் விடைகள் இரண்டு. ஒன்று, ஊர்தோறும் பயன்பட்ட பெரும்பாலான மென்பொருள்களும் கருவிகளும் சில நிறுவனங்களின் தயாரிப்புகளே. ஓரிடத்தில் கண்டுபிடித்த திருத்தம் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. முன்னோடிகள் செலவிட்டதன் பலனைப் பின்தங்கியவர்களும் அனுபவித்தார்கள். இரண்டு, பீதியூட்டியவர்கள் சொன்னதுபோல் இது ஒரே நொடியில் வெடிக்கும் குண்டன்று. மெல்லக் கசியும் குழாய். பல பிழைகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளிப்பட்டன, ஓசையின்றிச் சரிசெய்யப்பட்டன.

ஓசையின்றிக் கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து மருத்துவமனை ஒன்றின் கதையே சான்று. அது உள்ளாட்சிக்கு உட்பட்டதன்று, எனினும் பொதுச் சேவை. கருவிலுள்ள குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்கும் வாய்ப்பை, தாயின் வயதையும் கொண்டு கணக்கிடும் கணினி அங்கே இருந்தது. 2000 ஜனவரி முதல் மே வரை அது வயதைத் தவறாகக் கணக்கிட்டது. 150-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குத் தவறான முடிவு போயிற்று. வழக்கத்துக்கு மாறாக இத்தகைய பிறப்புகள் அதிகரிப்பதைக் களப்பணியிலிருந்த ஒரு செவிலியர் கவனித்துக் கேள்வி எழுப்பிய பிறகே உண்மை வெளிப்பட்டது. 'ஒன்றும் ஆகவில்லை' என்ற தீர்ப்பை எழுதுவோர் அந்தத் தாய்மார்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. அதிபரின் ஒய்டூகே குழுவுக்குத் தலைமை வகித்த ஜான் கோஸ்கினன், 2000-ல் வாஷிங்டன் மாநகரத்தின் துணை மேயராகவும் நகர நிர்வாகியாகவும் பொறுப்பேற்று 2003 வரை பணியாற்றினார். உலக அளவிலான நெருக்கடியைக் கையாண்டவர் அடுத்துச் சென்று அமர்ந்த இடம் ஒரு நகர அலுவலகம்.

*

கதை 2000-த்தோடு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது. நியூயார்க் மாநகரத்தில் பின்னர் நடந்தவற்றைப் பார்ப்போம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணுகின்றன. எண்ணுவதற்கு அவற்றிடமுள்ள இடம் 1,024 வாரங்களுக்கு மட்டுமே போதும். அதன்பின் மீண்டும் சுழியம். முதல் சுற்று 1999 ஆகஸ்டில் முடிந்தது, இரண்டாவது 2019 ஏப்ரல் 6-ல். நாள் முன்பே தெரியும், எச்சரிக்கைகளும் வந்திருந்தன. ஆயினும் அன்றிரவு, பெரும் பொருட்செலவில் நியூயார்க் அமைத்திருந்த கம்பியில்லாத் தகவல் வலையமைப்பு படுத்துவிட்டது. போக்குவரத்து சிக்னல்களைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்துவதும், வாகன எண் பலகைகளைப் படிக்கும் காவல்துறைக் கருவிகளின் தொடர்பும் தடைபட்டன. சரிசெய்ய ஏறத்தாழப் பத்து நாட்கள் ஆயின.

ஒன்பது மாதங்கள் கழித்து, 2020 ஜனவரி 1 அன்று, அதே நகரின் பார்க்கிங் மீட்டர்கள் கடன் அட்டைகளை ஏற்க மறுத்தன. அவற்றின் மென்பொருளில் எழுதியிருந்த இறுதித் தேதியை நீட்டிக்க யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. சுமார் 14,000 மீட்டர்களையும் ஊழியர்கள் ஒவ்வொன்றாக நேரில் சென்று திருத்த வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் ஏடும் கையுமாக நடந்தவர்களின் வாரிசுகள் மீண்டும் தெருவில் இறங்கினார்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தோர் குவிந்தபோது, பழைய கணினிகள் திணறுவதால் கோபால் அறிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று பக்கத்து நியூஜெர்சி மாநிலத்தின் ஆளுநர் பொதுமேடையில் கேட்டுக்கொண்டார். மாற்றப்பட்டுவிடும் என்று 1999-ல் நம்பிய நிரல்கள் மாற்றப்படவே இல்லை.

ஜப்பானில் இதே நாடகம் வேறொரு வேடத்தில் நடந்தது. அங்கே நகராட்சிப் படிவங்களில் ஆண்டைப் பேரரசரின் சகாப்தப் பெயரால் எழுதுவது மரபு. ஷோவா சகாப்தம் 1989 ஜனவரி 7-ல் முடிந்தது. ஆனால் பழைய நிரல்கள் சிலவற்றில் உள்ளுக்குள் ஷோவா எண்ணிக்கையே தொடர விடப்பட்டது. அவற்றுக்கு 2000 என்பது ஷோவா 75, ஆபத்தில்லை. இரண்டு இலக்கங்கள் நிரம்பி வழியும் ஷோவா 100 வந்தது 2025-ல். நடுவே 2019 ஏப்ரல் 1 அன்று 'ரெய்வா' என்ற புதிய பெயர் அறிவிக்கப்பட்டது, மே 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத்திற்குள் ஊர்தோறும் எல்லாப் படிவங்களிலும் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. முடிதுறப்பு நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதால் ஆயத்தத்துக்கு அவகாசம் கிடைத்தது. மரணம் அத்தகைய அவகாசம் தருவதில்லை.

*

அடுத்த தவணைகள் குறித்தாகிவிட்டன. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் யூனிக்ஸ் வழிக் கணினிகளில், 32 பிட் கொண்டு எண்ணுபவை 2,147,483,647 வரைதான் எண்ண முடியும். அந்த நொடி உலக நேரப்படி 2038 ஜனவரி 19, அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு வருகிறது. அதே ஆண்டு நவம்பரில் ஜிபிஎஸ் வாரக் கணக்கின் மூன்றாம் சுற்று முடிகிறது. மேசைக் கணினிகள் அதற்குள் பலமுறை மாறிவிடும். நீரேற்று நிலையத்துக் கட்டுப்பாட்டுப் பலகையும் தெருமுனைச் சிக்னல் பெட்டியும் அப்படி மாறுவதில்லை. இன்று பொருத்துகிறவற்றுள் பல அந்த நாளைக் காணும்.

நம் ஊர்களில் குடிமராமத்து என்றொரு ஏற்பாடு இருந்தது. மழைக்கு முன் ஊரார் கூடி ஏரியின் கரையை உயர்த்துவார்கள், மதகைச் சரிசெய்வார்கள், வண்டலை வாருவார்கள். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை அது. 'சென்ற ஆண்டு கரை உடையவில்லையே, இந்த ஆண்டு மராமத்து எதற்கு?' என்று கேட்டவரை ஊர் அறிவாளி என்று கொண்டாடியிருக்காது.

1999-ல் நகர அலுவலகங்கள் செய்துமுடித்தவற்றுள் மிகப் பயனுள்ளது எதுவென்று கேட்டால், அந்தப் பட்டியல் என்றே சொல்வோம். தம்மிடம் என்ன இருக்கிறது, அது எங்கே இருக்கிறது, நின்றுபோனால் யாரை எழுப்புவது என்று எழுதிவைத்த பட்டியல். பல நகரங்களுக்கு அத்தகைய ஏடு கிடைத்தது அதுவே முதல்முறை. நெருக்கடி தீர்ந்ததும் குழுக்கள் கலைக்கப்பட்டன, ஏடு அலமாரிக்குள் போயிற்று, ஆட்கள் ஓய்வு பெற்றார்கள். 2038-க்கு ஆயத்தமாக விரும்பும் நகரம் முதலில் செய்ய வேண்டியது, அந்த அலமாரியைத் திறந்து பார்ப்பதுதான்.